சேலை போய்ச் சேர்ந்த வீடு

நவம்பர் பிறந்துவிட்டால் அமீரகத்துப் புஜைராவின் வெயிலுக்கும் கொஞ்சம் ஈரம் சுரக்கும். மலைப்பக்கமிருந்து வரும் காற்று துறைமுகத்து எண்ணெய் வாடையைக் கடலுக்குள் தள்ளிவிடும். கடைத்தெரு முழுக்கத் தள்ளுபடி அட்டைகள் தொங்கும். சூப்பர் மார்க்கெட் உறைபெட்டிகளில், அமெரிக்கக்காரர்களின் நன்றித் திருநாளுக்கு வந்திறங்கிய வான்கோழிகள் பனி பூத்துக் கிடக்கும். தள்ளுவண்டி நிறையச் சாமான்களோடு ஜனங்கள் முட்டி மோதிக்கொண்டு போவார்கள்.

இந்த ஆரவாரத்தையெல்லாம் தாண்டி, ஜெயசீலன் வருடா வருடம் நேராகப் போவது பஜாரில் இருக்கும் கௌஸ் முகம்மதுவின் ஜவுளிக்கடைக்கு. கீழக்கரைக்காரர். யாருக்கு எது வேண்டும் என்பது வாசலில் ஆள் தெரியும்போதே அவருக்குத் தெரிந்துவிடும்.

"வாங்க ஜெயசீலன். அம்மாவுக்கு எடுத்து வச்சாச்சு. அரக்கு. மாங்கா பார்டர்."

"பார்டர் போன வருசம் மாதிரியே இருக்கே பாய்."

"அம்மாவும் போன வருசத்து அம்மாதானே. யல்லா, தொட்டுப் பாருங்க. வீட்டுல சங்கீதா தங்கச்சிக்கும் ஒண்ணு போடவா? பாதி விலை."

"அவ போன தடவை எடுத்ததையே இன்னும் குறை சொல்லிக்கிட்டுத் திரியுதா. விடுங்க."

கௌஸ் முகம்மது சிரித்துக்கொண்டே சேலையை மடித்தார். ஜெயசீலன் அதை இரண்டு கையாலும் வாங்கினார். அதை வாங்கும்போது மட்டும் அவர் முகம் பள்ளிக்கூடத்துப் பையன் முகம் மாதிரி ஆகிவிடும்.

இதில் ஒரு விஷயம் உண்டு. அந்த அம்மாவை ஜெயசீலன் ஒருநாளும் கண்ணால் பார்த்ததில்லை.

நாசரேத் பக்கம் ஒரு மிஷன் விடுதியில் வளர்ந்தவர் ஜெயசீலன். ஆஸ்பத்திரி வராந்தாவில் துணியில் சுற்றிக் கிடந்த பிள்ளையை யாரோ தூக்கிக்கொண்டு வந்து கொடுத்தார்கள். விடுதிக்காரர்கள் பெயர் வைத்தார்கள், சோறு போட்டார்கள், ஐ.டி.ஐ. வரை படிக்க வைத்தார்கள். அப்பா யார், அம்மா யார், எந்த ஊர், எந்த மண் என்று கேட்டால் அவரிடம் பதில் கிடையாது. இளவட்டப் பருவத்தில் எண்ணெய்க் கிடங்கு வேலைக்குப் புஜைராவுக்கு வந்தபோது, கேம்பில் அவருக்குக் கிடைத்த ரூமில் எல்லோருக்கும் வீடு இருந்தது. வெள்ளிக்கிழமை ஆனால் எல்லோரும் போனும் கையுமாக உட்கார்ந்துவிடுவார்கள். ஜெயசீலன் மட்டும் துணி துவைப்பார்.

அந்த ரூமுக்கென்று ஒரு வழக்கம். லீவில் யார் ஊருக்குப் போனாலும், ரூமில் இருக்கிற ஒவ்வொருவரின் வீட்டுக்கும் ஒரு பொட்டலம் கொண்டுபோய்க் கையில் கொடுக்க வேண்டும். தபாலில் போடக் கூடாது. போய், பார்த்து, ஒரு வாய்த் தண்ணீர் குடித்துவிட்டு வர வேண்டும்.

முதல் தடவை லீவில் கிளம்பியவன் ராக்கப்பன். கமுதிக்குத் தெற்கே ஒரு கிராமம். கறுத்த, வாட்டசாட்டமான ஆள். பெட்டியைக் கயிறு போட்டு இறுக்கிக்கொண்டே, "நீ யாருக்குடா குடுத்துவிடுற?" என்று கேட்டான்.

மொத்த ரூமும் அவரைப் பார்த்தது. யாரும் இல்லை என்று சொல்லத்தான் வாயெடுத்தார். "அம்மாவுக்கு ஒரு சேலை" என்று சொல்லிவிட்டார். சொன்ன வேகத்தில் பஜாருக்கு ஓடிப்போய், கைக்கு அகப்பட்ட பச்சைச் சேலை ஒன்றை வாங்கிவந்து கொடுத்தார். விலாசம் கேட்டபோது விடுதியின் விலாசத்தைச் சொன்னார். வேறு எந்த விலாசம் அவருக்குத் தெரியும்?

ராக்கப்பன் லீவு முடிந்து திரும்பும்வரை ஜெயசீலனுக்குச் சோறு இறங்கவில்லை. பொய் உடைந்து, நடு ரூமில் நிற்க வைத்துக் கேட்கப்போகிறான் என்று பயந்துகொண்டிருந்தார்.

ராக்கப்பன் வந்தான். ஒரு மஞ்சள் பையை நீட்டினான். உள்ளே எள்ளுருண்டை, ஒரு பொட்டலம் மிளகாய் வற்றல்.

"உங்கம்மா குடுத்துவிட்டுச்சு" என்றான், சுவரைப் பார்த்துக்கொண்டு. "நல்லாத்தேன் இருக்கு. பச்சை வேணாமாம். அடுத்த தடவை அரக்குல எடுக்கச் சொல்லுச்சு."

ஜெயசீலன் மிளகாயைக் கையில் அள்ளிப் பார்த்தார். உருண்டை உருண்டையான குண்டு மிளகாய். விடுதிச் சமையல்கட்டில் அவர் ஆய்ந்ததெல்லாம் நீள மிளகாய். இந்தக் குண்டு மிளகாய் விளைவது ராக்கப்பனின் சீமையில். விடுதி வாசல் வரை பஸ் மாறி மாறிப் போனவன், அங்கே அம்மா என்று யாரும் இல்லை என்று தெரிந்துகொண்டு, சேலையைத் தன் வீட்டுக்குக் கொண்டுபோய்த் தன் தாயிடமே கொடுத்திருக்கிறான். அது அந்த மிளகாயைப் பார்த்த கணமே ஜெயசீலனுக்கு விளங்கிவிட்டது.

விளங்கி என்ன செய்ய? எனக்கு அம்மாவே இல்லையே என்று சொன்னால் பொய் சொன்னது தான்தான் என்றாகும். எனக்கு எல்லாம் தெரியும் என்று ராக்கப்பன் சொன்னால் நண்பனின் முகம் செத்துப்போகும். இருவரும் வாயை மூடிக்கொண்டார்கள். "அம்மாவுக்கு முழங்கால் வலி எப்படி இருக்காம்?" என்று இவர் கேட்பார். "தைலம் தீந்துபோச்சாம்" என்று அவன் சொல்வான். ஒரு நாடகம் வருடா வருடம் நடந்தது. நாளாக ஆக அதில் நடிப்பு குறைந்துகொண்டே வந்தது.

ஜெயசீலன் சங்கீதாவைக் கல்யாணம் செய்துகொண்டபோது, மருமகளுக்கென்று கண்ணாடி வளையல் வந்தது. மகள் பெனிட்டா பிறந்தபோது வசம்பும் பழைய துணியில் தைத்த மெத்தையும் வந்தன. சங்கீதாவிடம் மட்டும் அவர் உண்மையைச் சொல்லியிருந்தார்.

"ஒரு தடவை போய்ப் பாத்துட்டு வந்துரலாமே" என்று அவள் எத்தனையோ முறை சொல்லியிருக்கிறாள்.

"பாத்துட்டா அது ராக்கப்பனோட அம்மாவா ஆயிரும் சங்கீதா. பாக்காத வரைக்கும் என் அம்மா."



புஜைராவின் தமிழ்ச் சபைக்கு நவம்பர் கடைசியில் ஸ்தோத்திரப் பண்டிகை. அந்த வருடம் கிடைத்த எல்லாவற்றுக்கும் கடவுளுக்கு நன்றி சொல்லும் நாள். பெனிட்டா அதைத் தேங்க்ஸ்கிவிங் என்றுதான் சொல்வாள். ஆராதனை முடிந்ததும் அசனம், அதாவது சாதி, மதம் பார்க்காமல் வந்தவர்கள் எல்லோருக்கும் இலை போட்டு ஆட்டுக்கறிக் குழம்பும் சோறும். அசனக் குழம்பு ஜெயசீலன் பொறுப்பு. அவர் வைக்கிற குழம்பின் நிறத்தைப் பற்றி எல்லைக்கு அந்தப் பக்கம் ஓமானின் சோஹாரில் இருக்கிறவர்கள்கூடப் பேசுவார்கள். நிறத்துக்குக் காரணம் குண்டு மிளகாய் என்பது சங்கீதாவுக்கும் ராக்கப்பனுக்கும் மட்டுமே தெரியும்.

அந்தப் பண்டிகையில் சபைக்கு இன்னொரு வழக்கம் உண்டு. வருடத்துக்கு ஒரு குடும்பம் சீட்டில் எடுக்கப்படும். அந்தக் குடும்பத் தலைவர் முன்னால் வந்து, தன் முன்னோர்களின் பெயர்களைத் தலைமுறை தலைமுறையாகச் சொல்லி, ஒவ்வொருவருக்காகவும் நன்றி செலுத்த வேண்டும். அந்த நேரம் பார்த்து ஜெயசீலன் எப்போதும் அண்டாவைக் கிண்டப் பின்பக்கம் போய்விடுவார். இந்த வருடம் சீட்டில் வந்தது அவர் பெயர்.

அதோடு போயிருந்தால் பரவாயில்லை. பெனிட்டாவைப் பெண் கேட்டு சோஹாரிலிருந்து ஓர் இடம் வந்திருந்தது. பையனின் அப்பா அருள்ராஜ், துறைமுகத்தில் பெரிய வேலை. சாயர்புரத்துப் பழைய குடும்பம். பையனும் பெனிட்டாவும் ஏற்கெனவே ஒருவரையொருவர் விரும்பிவிட்டார்கள். அருள்ராஜ் தொலைபேசியில், "எங்களுக்குப் பொன்னும் வேண்டாம் பொருளும் வேண்டாம் அண்ணாச்சி. நல்ல வம்சமா இருக்கணும், அம்புட்டுத்தான். பண்டிகைக்குக் குடும்பத்தோட வாரோம். உங்க ஸ்தோத்திரத்தையும் கேட்டுக்கிடுவோம்" என்று சொல்லியிருந்தார்.

மகளின் வாழ்க்கை, இல்லாத ஒரு தாத்தாவின் பெயரில் வந்து தொங்கியது.

"எங்க அப்பா வழியைச் சொல்லிருங்க" என்றாள் சங்கீதா, கண்ணைத் துடைத்துக்கொண்டே. "எங்க தாத்தா, பூட்டன், எல்லாரையும் சொல்லுங்க. பெனிட்டாவுக்கு அவங்களும் முன்னோர்தானே? பொய்யா என்ன?"

"எம் முன்னோர்னு சொன்னா பொய்தான்."

"அப்பா, ஜஸ்ட் தேங்க்யூ சொல்லிட்டு உட்கார்ந்துருங்க" என்றாள் பெனிட்டா. சொல்லும்போது அவள் குரல் உடைந்தது. அந்த உடைந்த குரல்தான் ஜெயசீலனைப் பணிய வைத்தது. சங்கீதாவின் தாத்தா பெயர்களை அன்றே மனப்பாடம் செய்ய ஆரம்பித்தார்.

இந்தக் குழப்பத்துக்கு நடுவில்தான் சேலை வாங்கியது. கடையிலிருந்து இறங்கி, ராக்கப்பன் டிரைவராக இருக்கும் கம்பெனி வண்டியை நோக்கிப் போனார்.

"எப்போ லீவுல போற? இந்தா, அம்மாவுக்கு."

ராக்கப்பன் பொட்டலத்தைத் தொடவில்லை. ஸ்டியரிங்கையே பார்த்துக்கொண்டிருந்தான்.

"நீயே குடு."

"என்னல சொல்லுத?"

"ஆத்தா வந்துருக்குடா. என் பேரப்பிள்ளைக்குப் பேரு வைக்க, இங்க வேலை பாக்குற எம்மகன் பாலமுரளி விசிட் விசாவுல கூட்டியாந்துட்டான். வந்து எறங்குனதுலேர்ந்து ஒரே கேள்வி. 'எனக்குச் சேலை எடுத்துக் குடுக்குற அந்தப் பய எங்கடா?' நான் என்னத்தச் சொல்ல?"

இத்தனை வருடத்தில் அந்தச் சொல் அவர்களுக்கிடையே முதன்முதலாக உடைந்து விழுந்தது. ஆத்தா. ராக்கப்பனின் ஆத்தா. ஜெயசீலன் சேலைப் பொட்டலத்தை நெஞ்சோடு சேர்த்துப் பிடித்துக்கொண்டு, நடந்துவிட்டார். பின்னால் ராக்கப்பன் ஹாரன் அடித்துக்கொண்டே இருந்தான்.

பண்டிகையன்று ஆலயம் நிறைந்து வழிந்தது. பீடத்தின் முன்னால் கரும்பு, பூசணி, வாழைத்தார், யாரோ வைத்த மாதுளைக் குவியல். எல்லை தாண்டி வந்த அருள்ராஜ் மடிப்புக் கலையாத சட்டையோடு முன்வரிசையில் உட்கார்ந்திருந்தார். பக்கத்தில் அவர் மனைவி ராதிகா. பெனிட்டா கையைப் பிசைந்துகொண்டிருந்தாள். போதகர் பெயரைச் சொல்லி அழைத்தார்.

ஜெயசீலன் முன்னால் போய் நின்றார். மிளகாய் நெடி இன்னும் அவர் கைகளில் இருந்தது.

"என் தாத்தா பேரு..." என்று தொடங்கினார். மனப்பாடம் செய்த பெயர் நாக்கு நுனியில் தயாராக இருந்தது.

அப்போது அவர் பார்வை கடைசி வரிசைக்குப் போனது. அசனம் சாப்பிட வருடா வருடம் வருகிற ராக்கப்பன் அங்கே இருந்தான். அவன் பக்கத்தில் ஒரு முதிய பெண். நெற்றி நிறையத் திருநீறு. அந்த முகத்தை ஜெயசீலன் அறிய மாட்டார். ஆனால் சேலையை அறிவார். அரக்கு. மாங்காய் பார்டர். பெனிட்டா முதன்முதலாகப் பள்ளிக்கூடம் போன வருடத்தில், ஓவர்டைம் கூலியை மிச்சம் பிடித்து அவர் எடுத்துக் கொடுத்த சேலை. இத்தனை வருடமாகியும் நிறம் மங்காமல், கஞ்சி போட்டு, மடிப்பு எடுத்து, பண்டிகைக்கென்று கட்டிக்கொண்டு வந்திருக்கிறாள்.

மற்றவர்களின் தாத்தா பெயர் அவர் நாக்கிலிருந்து உதிர்ந்துபோயிற்று.

"எனக்குத் தாத்தா பேரு தெரியாது" என்றார். "அப்பா பேரும் தெரியாது. ஆஸ்பத்திரி வராந்தாவுல கிடந்தவன் நான். ஒரு விடுதி என்னைத் தூக்கி வளத்துச்சு, அதுக்கு ஸ்தோத்திரம். இந்த ஊருக்கு வந்து, எனக்கும் அம்மா இருக்குன்னு ஒரு பொய் சொன்னேன். அந்தப் பொய்க்கு ஒரு சேலை குடுத்துவிட்டேன். அந்தச் சேலையை வாங்கிக் கட்டிக்கிட்டு, இது பொய்யில்லைன்னு எனக்கு எள்ளுருண்டை செஞ்சு அனுப்புன ஒரு அம்மாவுக்காக இன்னைக்கு நான் நன்றி சொல்லுதேன். என் வம்சம் அவங்ககிட்டருந்து தொடங்குது. அதுக்கு மேல எனக்குச் சொல்ல ஒண்ணும் இல்ல."

அருள்ராஜ் குனிந்து தன் கைகளைப் பார்த்துக்கொண்டார். பெனிட்டா முகத்தை மூடிக்கொண்டாள். கடைசி வரிசையில் பெஞ்சு கிரீச்சிட்டது.

"ஏன் இல்ல?" என்று கேட்டது ஒரு குரல். ராக்கப்பனின் ஆத்தா மாரியம்மாள் எழுந்து நின்றிருந்தாள். ராக்கப்பன் முந்தானையைப் பிடித்து இழுத்தான். அவள் அவன் கையைத் தட்டிவிட்டாள். "ஆத்தா நான் குத்துக்கல்லாட்டம் இருக்கேன், மேல சொல்ல ஒண்ணுமில்லங்கிறான். சாமி, நான் சொல்லலாமா? நெத்தியில துண்ணூறு இருக்கு, பரவாயில்லையா?"

போதகர் சிரித்துவிட்டார். "சொல்லுங்கம்மா."

மாரியம்மாள் முழங்காலைப் பிடித்துக்கொண்டு பெஞ்சு பெஞ்சாகத் தாண்டி முன்னால் வந்தாள். ஜெயசீலன் பக்கத்தில் நின்று, அவரை மேலும் கீழும் ஒருமுறை பார்த்தாள்.

"சேலை எடுக்கத் தெரிஞ்சுச்சு. வீட்டுக்கு வரத்தேன் வழி தெரியல" என்றாள். பிறகு சபையைப் பார்த்துத் திரும்பினாள். "இவன் அய்யா பேரு முனியாண்டி. பாம்பு கடிச்சு இளவயசுலயே போய்ட்டாரு. அவுகய்யா சேதுபாண்டி, ஒத்த ஆளா ஊருணி வெட்டுனவரு. அவுகய்யா கருத்தாண்டி. பஞ்சத்துல இருந்த வெத நெல்லை அக்கம்பக்கத்துக்குப் பிரிச்சுக் குடுத்துட்டுப் பட்டினி கெடந்தவரு. எங்காத்தா வீராயி. அவ ஆத்தா இருளாயி, ஊரு பூராப் பிள்ளைப்பேறு பாத்தவ. காசு வாங்குனதில்ல. இம்புட்டுத்தேன் எனக்குத் தெரியும். எல்லாருக்கும் ஒரு கும்பிடு."

இரு கையையும் தலைக்கு மேல் தூக்கிக் கும்பிட்டாள். ஆலயம் முழுவதும், சொல்லிவைத்தாற்போல, 'ஸ்தோத்திரம்' என்றது. ஜெயசீலன் குனிந்து அவள் காலைத் தொட்டார். எழுந்திருக்க முடியவில்லை. எத்தனையோ வருடத்து அழுகை அவர் முதுகைக் குலுக்கியது. "எந்திரிடா" என்று அவள் தட்டிக்கொடுத்தாள்.

அசனப் பந்தியில் அருள்ராஜ் சோற்றைப் பிசைந்துகொண்டே உட்கார்ந்திருந்தார். அவருக்கு எதிரே மாரியம்மாளை உட்கார வைத்திருந்தார்கள். சங்கீதா பரிமாறும் கரண்டியோடு அங்கேயே நின்றாள்.

மாரியம்மாள்தான் ஆரம்பித்தாள்.

"எம் பேத்தியக் கேட்டு வந்தவுக நீங்கதானாய்யா?"

"ஆமாம்மா."

"எங்க வம்சத்தக் கேட்டீக. சொல்லிட்டேன். இப்ப உங்க வம்சத்தச் சொல்லுங்க. பொண்ணு குடுக்கிறவுகளும் விசாரிக்கணும்ல?"

பந்தி முழுக்கச் சிரிப்பு. அருள்ராஜின் காது சிவந்தது. ஆனாலும் மனுஷன் இலையிலிருந்து கையை எடுத்துவிட்டு, உபதேசியாராக இருந்த தன் பூட்டனிலிருந்து தொடங்கி ஒவ்வொருவராகச் சொன்னார். மாரியம்மாள் தலையை ஆட்டி ஆட்டிக் கேட்டாள்.

"பஞ்சத்துல யாராச்சும் நெல்லு குடுத்தாகளா?"

அருள்ராஜ் யோசித்தார். "அப்படி யாரும் இருந்ததா எங்க வீட்டுல சொன்னதில்லம்மா."

"சரி, விடுங்க. பையன் நல்ல பையன்னு எம் பேத்தி முகத்துலயே எழுதியிருக்கு. குடுக்கலாம்."

ராதிகா வாய்விட்டுச் சிரித்தாள். "கேட்டுக்கிட்டீகளா, குடுக்காகளாம்" என்று கணவரை முழங்கையால் இடித்தாள். அருள்ராஜ் எழுந்துவந்து, அண்டாவின் பக்கம் நின்ற ஜெயசீலனின் ஈரக் கையைப் பிடித்துக்கொண்டார்.

"சம்பந்தி, குழம்பு இன்னும் கொஞ்சம் ஊத்துங்க" என்றார். அவ்வளவுதான் சொன்னார். அது போதுமானதாக இருந்தது. பெனிட்டா ஓடிவந்து மாரியம்மாளைக் கட்டிக்கொண்டு, என்ன சொல்வது என்று தெரியாமல் "தேங்க்யூ பாட்டி, தேங்க்யூ" என்று அதையே சொன்னாள்.

மாரியம்மாளின் இலையில் கறி இல்லை. கார்த்திகை மாதம் அவள் கவுச்சி தொடுவதில்லை என்பது ஜெயசீலனுக்கு ராக்கப்பன் வாயிலாக எப்போதோ தெரிந்த செய்தி. அடுப்போரத்தில் தனியாக ஒரு சின்னச் சட்டியில் அவர் பருப்பு வைத்திருந்தார். அவள் வருவாள் என்று அவரிடம் யாரும் சொல்லவில்லை. ஆனாலும் காலையில் அவர் கை அந்தச் சட்டியைத் தானாக எடுத்து வைத்திருந்தது.

பருப்பை ஊற்றிவிட்டு, கையோடு கொண்டுவந்திருந்த புதுச் சேலைப் பொட்டலத்தை அவள் மடியில் வைத்தார். மாரியம்மாள் பிரித்தாள். அரக்கு. மாங்காய் பார்டர். முகத்தைச் சுளித்தாள்.

"ஏண்டா அப்பு, வருசா வருசம் அரக்காவே எடுப்பியா? பொட்டியத் தொறந்தா ஒரே செவப்பாக் கெடக்கு."

"நீங்கதானம்மா அரக்கு வேணும்னு சொல்லிவிட்டீங்க?"

"அது அப்ப சொன்னது. அடுத்த வருசம் நீலத்துல எடு. ராக்கப்பங்கிட்டக் குடுத்துவிடாத. இனிமே நீயே கொண்டாந்து குடுக்கணும்."

"சரிம்மா" என்றார் ஜெயசீலன். பக்கத்து இலையில் ராக்கப்பன் கறியை மென்றுகொண்டே, வழக்கம் போலச் சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தான். அவன் கண்ணும் கலங்கியிருந்தது. யாராவது கேட்டால் மிளகாய்க் காரம் என்று சொல்லியிருப்பான்.